தனிவழி யாத்திரையும் மீளுந் துணிவும்

திருச்சிற்றம்பலம்.



யாத்திரை என்னுஞ் சொல் நம் சமயத்தவர் நாவிற் பயின்ற சொல். தேவாரஞ் செய்த குரவர் மூவரும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வழிநடையிலே கழித்தனர். நடத்தல் அவர்க்கு வழிபாட்டின் ஓரங்கமாயிருந்தது. இக்காலத்திலே வாகனங்கள் பெருகினமையால் நடை குறைந்தது. ஆயினும் நடக்கும் ஆசை மனிதர் நெஞ்சை விட்டு நீங்கிற்றில்லை. தூரதேசத்து மலைகளிலே, ஊரும் உறவும் இல்லாத வழிகளிலே, பலநாள் தனித்து நடந்துவர விழையும் இளைஞர் நம்முள்ளும் தோன்றியிருக்கின்றனர். அவ்விழைவு நன்றோ தீதோ, நன்றாயின் அதற்கு ஆயத்தஞ் செய்யும் முறை யாது, அவ்வாயத்தத்திலே தலையாயது எது என்பவற்றை இன்று சிந்திக்கப் புகுகின்றோம்.

இதனை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற பங்குனி மாதத்து ஒருநாள் மாலை, முன்னர் எம்மிடம் பயின்று இப்பொழுது ஆசிரியராய்க் கடமை பார்க்கும் இளைஞர் ஒருவர் எம்மில்லத்துக்கு வந்தார். வந்தவர், “ஐயா, வருகிற ஆடி ஆவணியிலே நாற்பது நாள் லடாக் மலைநாட்டிலே தனியே நடக்கப் போகின்றேன், ஆசீர்வதிக்க வேண்டும்” என்றார். ஏன் அத்தேசம் என்று வினவினோம். “கயிலையங்கிரியைத் தனியே சென்று வலம்வருதலே என் ஆசை. ஆனால் திபெத்து நாட்டிலே அந்நியர் எவரும் அனுமதிச்சீட்டும் வழிகாட்டியும் இன்றித் தனியே நடத்தல் கூடாது. இந்திய அரசு நடத்தும் யாத்திரையோ அத்தேசத்துப் பிரசைகளுக்கு மாத்திரம் உரியது. கயிலைக்கு வடபாலிலே பிறக்கின்ற சிந்து நதி லடாக்கிலே லே நகரத்தை அடுத்துப் பாய்கின்றது. மலையைத் தனித்துக் காணக் கிடையாத எனக்கு, அம்மலைப்பக்கத்து நீரையேனும் தனித்திருந்து காணல் போதும்” என்றார். அவ்வுரை எம்முள்ளத்தை உருக்கிற்று.

பின்பு தம் ஆயத்தங்களை எழுதிய குறிப்புப் புத்தகத்தைக் காட்டினார். கூடாரம், பாதரட்சை, அடுப்பு, மருந்து, உணவு, நாள்தோறும் நடக்கவேண்டிய தூரம் யாவும் நிரல்பட எழுதப்பட்டிருந்தன. முப்பத்திரண்டு பக்கங்களையும் படித்து முடித்தோம். “தம்பி, எந்த இடத்தில், எந்த நிலையில் திரும்புவது என்று எங்கே எழுதியிருக்கிறீர்?” என்று கேட்டோம். அவர் சற்றே திகைத்து, “திரும்புவதற்காகவா ஐயா போகிறேன்?” என்றார். ஆசீர்வாதத்தை அன்று யாம் கொடுத்திலேம். ஒரு மாதங் கழித்து வரும்படி சொல்லியனுப்பினோம்.

அவ்வளவு கடுமை ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு விடையாக எம்முடைய பிழை ஒன்றைச் சொல்லல் வேண்டும்.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், யாம் மலைநாட்டுப் பாடசாலை ஒன்றிலே ஆசிரியராயிருந்தோம். யாழ்ப்பாணத்துச் சமநிலத்திற் பிறந்து வளர்ந்த எமக்கு மலையென்றால் புதுமை. யாத்திரைக்காலம் முடிந்து மழை தொடங்கிய பின்னர், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சிவனொளிபாதமலைக்கு ஏறினோம். கடைகள் மூடப்பட்டிருந்தன, படிகளிலே மக்கள் இலர். பாதிவழியிலே காற்றும் மழையும் ஒருங்கே வந்தன. மாணவருள் மெலிந்த ஒருவன் நடுங்கத் தொடங்கினான். “இன்னுஞ் சிறிது தூரமே, பகவான் பாதத்தை நினைத்து நட” என்று ஊக்கினோம். சிறிது நேரத்தில் நடுக்கம் நின்றது. தேறினான் என்று மகிழ்ந்தோம். அவன் பேச்சோ குழறிற்று; கேட்டதொன்றுக்கு மற்றொன்று சொன்னான். இளைப்பினாலென்று எண்ணினோம்.

அவ்வேளையிலே மேலிருந்து இறங்கிவந்த தோட்டத் தொழிலாளராகிய முதியவர் ஒருவர் அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். பார்த்து, எம்மை நோக்கி, “ஐயா, சாமி மலை எங்கேயும் ஓடிப் போயிராது. பையனைப் பாருங்க” என்றார். எம்முடைய மறுமொழிக்கு அவர் காத்திருந்தாரல்லர். தாமே அவனைத் தோளிற் சாய்த்துக்கொண்டு இறங்கினார். அடிவாரத்து லயத்து அறையொன்றிலே ஈரவாடை களைந்து, கம்பளியாற் போர்த்து, சீனி மிகுதியாக இட்ட வெறுந்தேநீரைச் சிறிது சிறிதாகப் பருக்கியபின் அவன் கண் தெளிந்தது. குளிரால் நடுங்குகின்ற உடம்பு நடுக்கத்தை நிறுத்தி மயங்குதல் தேறுதலன்று, மரணத்தை அணுகுதல் என்பதைப் பின்னரே ஒரு வைத்தியர் வாயால் அறிந்தோம். எம்மிடத்து அன்று இருந்தது பக்தியன்று. மாணவர் முன்னிலையிலே தோற்றோமென்று கீழிறங்க நாணிய ஆணவமே அது; பக்தியின் உடையைத் தரித்து நின்றது. அம்முதியவர் பெயரையும் கேட்டிலேம். இருபத்தைந்து ஆண்டுகளாக அவரை எம் குருமாருள் ஒருவராக வைத்து எண்ணி வருகின்றோம்.

ஆதலின், தனிவழி செல்வார்க்கு முதற்கருவி மீளுந் துணிவே என்பது யாம் நிறுவப்புகும் பொருள்.

இதற்குத் தடையாக ஒன்றை நம் ஆசிரியர் எழுப்பலாம். “திருநாவுக்கரசு நாயனார் கயிலைக்குத் தனியே சென்றாரன்றோ? காசியிலே உடன்வந்தாரை விடுத்து, மானுடர் செல்லுதற்கரிய வழியிலே இரவும் பகலும் நடந்து, தாள்கள் தேய்ந்தபின் கைகளால் ஊர்ந்து, கைகள் தேய்ந்தபின் மார்பினால் உந்தி, அதுவும் ஒழிந்தபின் உடம்பைப் புரட்டிச் சென்றார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. முனிவர் வடிவில் வந்த இறைவன் மீள்க என்றபோதும், ஆண்டவனைக் காணாது மீளேன் என்றார். அங்ஙனமாக மீளுதலை நீர் புகழ்வது எப்படிப் பொருந்தும்?” என்பது அத்தடை.

நல்ல தடை. ஆயினும் அச்சரிதத்தைப் பாதியிலே நிறுத்தலாகாது. நாயனார் மீளேன் என்றது ஒரு மனிதரென்று தாம் கருதியவர் சொல்லுக்கு. பின்னர் அசரீரியாக இறைவன் ஆணை எழுந்தபோது அவர் செய்தது யாது? வடதிசைக் கயிலை எதிரே இருக்கவும், அத்தனை துன்பமும் அதன்பொருட்டே பட்டிருக்கவும், காட்டிய தடாகத்திலே மூழ்கி, தென்றிசையிலே திருவையாற்றில் எழுந்தார். கயிலைக்காட்சி அவருக்குக் கிடைத்தது கயிலையிலன்று; மீண்டவிடத்திலே. மலையை நாடினவராயின் அவ்வாணை கேட்டு வருந்தியிருப்பர். அவர் மலையை நாடினவரல்லர், மலைக்கு உடையவனை நாடினவர். ஆதலினாலே திரும்பு என்ற சொல்லும் அவருக்கு அருளாயிற்று.

இன்னும் ஒன்று. திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் திருக்காளத்தியில் இருந்தபடியே கயிலை, கேதாரம் முதலிய வடநாட்டுத் தலங்களைப் பாடியருளினார். போகாமற் பாடினவரும், போய் மீண்டவரும் நமக்கு ஒப்பக் குரவர். மலைக்குப் போதல் நன்று, போகாமை குற்றமன்று, போய் இடையிலே மீளுதல் இழிவுமன்று. கயிலையை வலம்வருவோர் ஏறக்குறைய 52 கிலோமீற்றர் சுற்றுகின்றனர். சிகரத்தின்மேல் ஏறினாரென்று எவரும் இலர். நம் சமயத்தார் மலையை வணங்கும் முறையும் அதுவே. காலின்கீழ் வைத்தல் நம் கருத்தன்று.

இனி, இறைவன் காப்பான் என்னும் நம்பிக்கை ஒன்றே போதும், ஆயத்தம் வேண்டா என்பாருமுளர். அவர் பொருட்டு இருவர் வரலாற்றைக் கூறுவாம்.

மொறிஸ் வில்சன் என்பவர் ஆங்கிலேயர். முதல் உலகயுத்தத்திலே வீரத்துக்காக விருது பெற்றவர். உபவாசத்தாலும் பிரார்த்தனையாலும் மனிதன் எதையும் சாதிக்கலாம் என்னும் உறுதிகொண்டு, எவரெஸ்ட் சிகரத்திலே தனியே ஏறி அதனை உலகுக்கு நிரூபிக்கத் துணிந்தார். பனிமலை ஏறிய பழக்கம் அவருக்கில்லை. விமானமோட்டப் புதிதாகப் பயின்று 1933ஆம் ஆண்டில் இந்தியா வந்து சேர்ந்தார். அரசு அனுமதி மறுக்கவே, 1934ஆம் ஆண்டிலே மாறுவேடம் பூண்டு டார்ஜிலிங்கிலிருந்து திபெத்துட் புகுந்தார். பனிப்பாறையிலே பலமுறை தோல்வியுற்றும் மீண்டாரல்லர். ஈற்றிலே தனியே மேற்சென்று இறந்தார். அடுத்த ஆண்டு, 1935இல், அவ்வழிச் சென்ற ஆங்கிலேயக் குழுவினர் அவருடலைக் கண்டனர். அவர் நம்பிக்கையை யாம் பழிக்கமாட்டோம். அவ்வுறுதியிலே நூற்றிலொரு பங்கு நமக்கு வாய்க்குமாயின் நம் பாடசாலைகள் உயர்ந்துவிடும். ஆயினும் இறைவன் தந்த அறிவைப் பயன்படுத்தாது விட்டு, இறைவனைச் சோதனைக்கு உட்படுத்துதல் பக்தியாகாது.

மற்றவர் எக்காய் கவாகுச்சி என்னும் யப்பானிய பௌத்தத் துறவி. இவரும் தனியே மலைகடந்தவரே. 1897ஆம் ஆண்டு தம் தேசத்தை விட்டவர் உடனே மலைக்கு ஓடினாரல்லர். டார்ஜிலிங்கிலே ஓராண்டுக்கு மேலாகத் தங்கித் திபெத்து மொழியைக் கற்றார். 1899இல் நேபாளம் புகுந்து, மலையுச்சிப் பிரதேசமாகிய மஸ்தாங்கிலே பலமாதம் இருந்து, அவ்வுயரத்துக்கு உடம்பைப் பழக்கினார். சுமை தூக்கி மலையேறிப் பயின்றார். 1900ஆம் ஆண்டிலேதான் கணவாய் கடந்து கயிலையையும் மானசரோவரத்தையும் அடைந்தார். புலாலுண்ணாதவர், நண்பகலுக்குப் பின் உணவு கொள்ளாதவர். புலால் மறுத்தோர் அம்மலைகளிலே பிழைக்க முடியாது என்பார்க்கு அவர் வாழ்க்கையே மறுப்பு. பனியாலும் ஆறுகளாலும் அவர் பட்ட துன்பம் பெரிது. ஆயினும் உயிரோடு மீண்டு தம் வரலாற்றை எழுதினார். அதன் ஆங்கிலப் பதிப்பு 1909ஆம் ஆண்டிலே சென்னை அடையாற்றில் வெளிவந்தது. மூன்றாண்டு ஆயத்தஞ் செய்தவர் மீண்டார். ஆயத்தத்தை வேண்டாதவர் மீண்டிலர். துறவியின் பக்தி அவர் ஆயத்தத்தாற் குறைந்ததா? இல்லையே.

இனி, ஆயத்தத்தின் கூறுகளை நிரலே எடுத்துரைப்பாம். அவ்விளைஞர்க்கு யாம் சொல்லியவையும், அவர் தேடி வந்து எமக்குச் சொல்லியவையும் இவற்றுள் அடங்கும்.

முதலாவது காலம். ஆசிரியர்க்கு நீண்ட விடுமுறை சித்திரையிலும் ஆவணியை ஒட்டியும் மார்கழியிலும் வருகின்றது. ஆவணிக்காலத்திலே நேபாளத்தின் தென்சரிவுகளிலே பெருமழை பெய்யும், வழிகள் சரியும். லடாக் தேசமோ இமயத்துக்கு அப்பால் மழைமறைவிலே கிடக்கின்றது; அங்கே அதுவே நடத்தற்குரிய காலம். ஆயினும் அங்கும் நம்பியிருத்தல் ஆகாது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே லே நகரத்தில் திடீரெனப் பெய்த பெருமழை ஊர்களை அடித்துச்சென்று உயிர்களைக் கவர்ந்தது. உலர்ந்த ஓடையின் நடுவே கூடாரமடிப்பவன் இதனை நினைக்கக்கடவன்.

இரண்டாவது உடம்பு. இது மிக இன்றியமையாதது. நம்மிலங்கையில் உயர்ந்த பிதுருதலாகலை 2,524 மீற்றர். சிவனொளிபாதம் 2,243 மீற்றர். உயரத்தால் வரும் நோயோ ஏறக்குறைய 2,500 மீற்றருக்கு மேலேதான் தொடங்குகின்றது. ஆதலின் நம் நாட்டு மலைகளிலே ஆயிரந் தரம் ஏறியவனும் தன் மூச்சு எவ்வாறு நடக்கும் என்பதை அறிந்தவனல்லன். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீற்றர் உயரத்தது. கடற்கரையிலிருந்து விமானமேறி அங்கே இறங்குபவன், ஒருநாளிலே காற்றின் மூன்றிலொரு பங்கை இழக்கின்றான். 5,500 மீற்றரிலே காற்றழுத்தம் பாதியாகின்றது. கால்வலிமை இதற்கு உதவாது. வலியரே விரைந்து ஏறி வீழ்வர்.

இதற்கு வைத்தியர் விதித்த முறை எளியது. சேர்ந்த இடத்திலே முதற்சில நாள் ஓய்ந்திருத்தல் வேண்டும். 3,000 மீற்றருக்கு மேலே இரவு துயிலும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேற்படக் கூட்டலாகாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருநாள் ஏறாதிருத்தல் வேண்டும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் படிமுறையை மாணவர்க்குக் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று. கீழ்ப்படியிலே நிலைபெறாதவன் மேற்படியிலே நிற்கமாட்டான். தலைவலியும் குமட்டலும் முதற்குறிகள். அவை தோன்றின் மேலே ஏறாது நிற்க. நடை தள்ளாடினும், மதி மயங்கினும், இருந்தவிடத்திலே மூச்சு வாங்கினும் இரவென்றும் பாராது உடனே கீழிறங்குக. இறங்குதலே மருந்து, பிறவெல்லாம் இறங்கும்வரைக்கும் உதவுவன. இங்கே ஒரு நுட்பம் உளது. மதிமயங்கியவனுக்குத் தன் மதி மயங்கிற்று என்று தெரியாது. துணையுள்ளவனுக்குத் துணைவன் சொல்வான். தனியனுக்கு யார் சொல்வார்? முன்னே தெளிந்த மதியோடு எழுதிவைத்த விதியே சொல்லல் வேண்டும். எம்முடைய மாணவனைப் பார்த்தும் யாம் அறிந்திலேமே. தன்னைத் தான் பார்ப்பவன் எங்ஙனம் அறிவான்?

மூன்றாவது உணவும் சுமையும். உயரம் கூடக்கூட நீர் குறைந்த சூட்டிலே கொதிக்கும். லேயிலே ஏறக்குறைய 88 பாகையிலும், 5,000 மீற்றரிலே ஏறக்குறைய 83 பாகையிலும் கொதித்துவிடுகின்றது. ஆதலால் நம் பருப்பும் கடலையும் அங்கே எளிதில் வேகா, எரிபொருளே வீணாகும். வறுத்து இடித்த மாவும், அவலும், எள்ளுப்பாகும், பொரிவிளாங்காயும், நம்மூர்ப் புழுக்கொடியலும் பனங்கட்டியும் இதற்கேற்றவை. நம் பாட்டிமார் கதிர்காம யாத்திரைக்குக் கட்டிக்கொடுத்த பொட்டலம் இமயத்துக்கும் பொருந்துதல் கண்டு அவ்விளைஞர் நகைத்தார். நாளொன்றுக்கு உலர்ந்த உணவு முக்காற் கிலோகிராம் எனக் கொண்டாலும், பத்துநாளுக்கு ஏழரைக் கிலோகிராம் ஆகும். ஆகையால் நாற்பது நாளுணவையும் ஒருங்கே சுமத்தல் இயலாது. இடையிலே ஊர்களிற் கொள்ளும்படி வழியை வகுத்தல் வேண்டும்.

யாம் மிஷன் பாடசாலையிலே பயின்ற காலத்து, பனியன் என்னும் ஆங்கிலர் இயற்றிய யாத்திரிகன் கதையைப் படித்தோம். அதில் வரும் யாத்திரிகன் முதுகிலே பெருஞ்சுமையோடு புறப்படுகின்றான். சுமை கழன்றபின்னரே அவன் நடை இலேசாகின்றது. சமயம் வேறாயினும் அவ்வுவமை உண்மையானது. இளைஞர் குறிப்பிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, “இது இல்லாவிடின் உயிர் போமா?” என்று கேட்டோம். மூன்றிலொரு பங்கு அவ்வினாவுக்கு நில்லாது ஒழிந்தது. குளிருடையும் கூடாரமும் மருந்தும் நின்றன. மூன்று புத்தகம் ஒன்றாயிற்று. ஒழிந்த பொருள்களிற் பெரும்பாலன பிறர்க்குப் படமெடுத்துக் காட்டுதற்குரிய கருவிகள்.

நான்காவது வழியும் அரசவிதியும். பழைய நூல்களை நம்பி வழி வகுத்தல் தவறு. சான்ஸ்கார் பள்ளத்தாக்கிலே பதும் என்னும் ஊரிலிருந்து தார்ச்சாவுக்கு ஷிங்கோ கணவாய் வழியே செல்லும் நெறி முன்னர் நடைவழியாயிருந்தது. நிம்மு, பதும், தார்ச்சா என்னும் மூன்றையும் இணைக்கும் வண்டிச்சாலை 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே தொடுக்கப்பட்டது. பழைய படத்தைக் கொண்டு ஏகாந்தத்தை நாடிச் செல்பவன் அங்கே புழுதியையும் வண்டிகளையும் காண்பான்.

அந்நிய தேசங்களிலே தனிநடையாளர் பலர் ஆபத்திலே உதவிகோரச் செய்மதித் தொலைபேசியும் அதுபோன்ற செய்தியனுப்பும் கருவியும் கொண்டுசெல்வர். இந்தியாவிலே அனுமதியின்றி அவற்றை வைத்திருத்தல் குற்றம். அறியாது கொண்டுவந்த அந்நியர் விமான நிலையங்களிலே தடுக்கப்பட்டிருக்கின்றனர். இந்தியாவின் பிறபகுதிகளிலே முற்பணங் கட்டிப் பெற்ற சிம் அட்டையும் லடாக்கிலே இயங்காது. ஆகவே தனியன் அங்கே உண்மையாகவே தனியனாவான். எல்லையை அடுத்த சில பகுதிகளுக்குத் தனி அனுமதிச்சீட்டும் வேண்டும். நேபாளத்திலோ 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி தொடக்கம், அந்நியர் வழிகாட்டியின்றி மலைவழி நடத்தலாகாது என்று விதித்தனர். இவ்விதிகள் தம் சுதந்திரத்தைத் தடுப்பனவென்று இளைஞர் வெறுப்பர். காணாமற்போனவனைத் தேடிப் பனியிலே இறங்குபவன் அவ்வூர் ஏழையே. அவனுக்கும் தாயும் பிள்ளைகளும் உளர் என்பதை நினைப்பார்க்கு அவ்வெறுப்பு நீங்கும்.

ஆறுகளைப் பற்றி ஒன்று சொல்லி இப்பகுதியை முடிப்பாம். பனியுருகிப் பெருகும் ஓடைகள் விடியற்காலையிலே முழங்காலளவாகவும், பிற்பகலிலே மார்பளவாகவும் வரும். மாலையிலே கரையை அடைந்தவன் அன்று கடவாது, அங்கே துயின்று விடியலிலே கடக்கக்கடவன். ஓரிரவு பொறுத்திருத்தல் உயிரை விலைக்கு வாங்குதல் போலாம்.

ஐந்தாவது, யாம் முன்னர்க் கூறிய மீளும் எல்லை. இதனை மூன்றாக வகுத்து எழுதச் சொன்னோம். நாளின் எல்லை: இன்ன நேரத்துக்குள் கணவாயின் உச்சியை அடையாவிடின், உச்சி கண்ணுக்கெதிரே இருப்பினும் திரும்புதல். உடம்பின் எல்லை: இன்ன இன்ன குறி தோன்றின் ஏறாமை, இன்ன குறி தோன்றின் இறங்குதல். உணவின் எல்லை: இத்தனை நாளுணவு மிஞ்சியிருக்கும்போது ஊருள்ள திசைக்குத் திரும்புதல். இம்மூன்றையும் வீட்டிலிருந்து, வயிறு நிறைந்து, உடம்பு காய்ந்திருக்கும்போது எழுதுதல் வேண்டும். மலைமேலே எழுதப்புகின் ஆணவம் கோலைப் பிடித்து எழுதும். எழுதிய தாளில் ஒன்று தன்னிடமும், ஒன்று வீட்டாரிடமும், ஒன்று நம்பத்தக்க ஒருவரிடமும் இருத்தல் வேண்டும். இன்ன நாளுக்குள் சொல் வாராவிடின் இன்னாருக்கு அறிவிக்க என்பதும், காப்புறுதிச் சங்கத்தின் இலக்கமும் அதிலே இருத்தல் வேண்டும். அக்காப்புறுதி அவ்வளவு உயரத்திலே ஹெலிகொப்டரால் மீட்டலையும் உள்ளடக்குமோ என்று முன்னரே வாசித்து அறிதல் வேண்டும்.

அன்பர்களே, இவையெல்லாம் லடாக்குக்குப் போகாத நமக்கு எதற்கு என்று எண்ணாதீர்கள். நாம் நாடோறும் பிள்ளைகளை மலையேற்றுகின்றோம். பரீட்சை என்னும் சிகரத்தைக் காட்டி, “இன்னுஞ் சிறிது தூரமே” என்று உந்துகின்றோம். நடுக்கம் நின்றதைத் தேறுதலென்று எண்ணுகின்றோம். முன்னே ஓயாது கேள்வி கேட்ட பிள்ளை வாய்மூடியிருந்தால் அடங்கினான் என்று மகிழ்கின்றோம். அவன் கையைத் தொட்டுப் பார்த்தோமா? அம்முதியவர் படித்தவரல்லர். யாம் இரண்டு பட்டங் கற்றவர். தொட்டுப் பார்த்தவர் அவரே.

மீளக் கற்பித்தலும் கல்வியே. தவறிய விடையை அழித்துத் திரும்ப எழுதுபவனை நாம் இகழ்தலாகாது. “எனக்கு விளங்கவில்லை, முன்பாடத்துக்குத் திரும்புவோம் ஐயா” என்று எழுந்து சொல்லும் மாணவன் வகுப்பிலே ஒருவனாயினும் இருப்பானாயின், அவ்வாசிரியர் நல்லாசிரியர். தோல்வியை மறைக்கப் பழகிய பிள்ளை வளர்ந்தபின் மலையிலும் மறைப்பான், வாழ்க்கையிலும் மறைப்பான்.

அவ்விளைஞர் சொன்னபடி ஒரு மாதங் கழித்து மீண்டும் வந்தார். இம்முறை தாயாரும் உடன்வந்தார். நாற்பது நாள் இருபத்தாறு நாளாயிருந்தது. முதல் ஐந்துநாள் லேயிலும் அதன் அயலிலும் தங்குதற்கென்று குறித்திருந்தார். மிக உயர்ந்த இரு கணவாய்களுக்கு மாத்திரம் அவ்வூரார் ஒருவரைக் கூலிக்குத் துணைகொள்வதென்றும், ஏனைய வழியைத் தனியே நடப்பதென்றும் வகுத்திருந்தார். “முழுவதும் தனியாக அல்ல என்பது குறைதான் ஐயா” என்று மெல்லச் சொன்னார். “குறையன்று தம்பி, குருவின்றிக் கணவாய் கடக்க முயலாமை சைவனுக்கு அழகு” என்றோம். மீளும் எல்லைகள் மூன்றும் ஒரு தாளிலே எழுதப்பட்டிருந்தன. அதன் கீழே, யாம் சொல்லாதிருந்தும், தாமே ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தார்: இவற்றுள் ஒன்று நேர்ந்து யான் திரும்பினால், என்னை எவரும் ஏன் என்று கேளாதிருக்கவேண்டும் என்பது அது.

அத்தாயார் அவ்வாக்கியத்தை இருமுறை படித்தார். படித்து, “நான் கேட்கமாட்டேன் மகனே” என்றார். அச்சொல்லைக் கேட்டபின்னரே யாம் எழுந்து திருநீறு அளித்தோம்.

அத்தாளின் ஒரு பிரதி இப்பொழுது எம் பூசையறையிலே, திருநீற்று மடலுக்கு அருகே இருக்கின்றது. வருகின்ற ஆடியிலே அவர் புறப்படுவார். நாடோறும் அத்தாளைப் பார்த்துப் பிரார்த்திப்போம். அவர் கணவாய் கடந்தார் என்ற செய்தி வரினும், பாதியிலே திரும்பினார் என்ற செய்தி வரினும், ஒப்ப மகிழ்ந்து ஆலயத்திலே ஒரு விளக்கு ஏற்றுவதென்று துணிந்திருக்கின்றோம். கயிலைக்குச் சென்றவரைத் திருவையாற்றுக்குத் திருப்பி, அங்கே தன்னைக் காட்டிய பெருமான், போவாரையும் மீள்வாரையும் ஒருங்கே காத்தருள்க.

திருச்சிற்றம்பலம்.